31 என்று இரண்டு இடத்திலும் எழுதியிருந்தது

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஓர் அரிசி ஆலையின் கணக்கறையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் இரண்டு கறுப்புத் திரைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கும்பகோணத்தில் எங்கள் அலுவலகத்திலுள்ள சோதனைத் தரவுத்தளம். மற்றொன்று அந்த அறையிலேயே, சாமி படங்களுக்குக் கீழே ஒரு பலகையில் ஓடிக்கொண்டிருந்த சர்வர். ஸ்கீமா, அதாவது அட்டவணைகளின் அமைப்பு, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று இரண்டிடமும் கேட்டேன். இரண்டும் 31 என்றன. ஆனால் ஒரே நெல்லின் ஈரப்பதத்தை உள்ளிட்டால் ஒன்று 17.6 என்றும் மற்றொன்று 18 என்றும் சேமித்தது. நான் இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தது அந்தப் பதிப்பு எண்ணைத்தான். அந்த எண் பொய் சொல்லவில்லை, அதனிடம் நான் கேட்ட கேள்விதான் தவறு என்று ஒத்துக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இன்னமும் முழுதாக ஒத்துக்கொண்டேனா என்பது சந்தேகம்தான்.

எங்களுடையது சிறிய நிறுவனம். டெல்டாவில் மூன்று அரிசி ஆலைகளுக்கும் சில உரக்கடைகளுக்கும் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்துப் பராமரிக்கிறோம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அட்டவணைகளை மாற்றுவதற்குப் பெரிய கருவி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தரவுத்தளக் கட்டளைகள் அடங்கிய, எண்ணிட்ட எஸ்கியூஎல் கோப்புகள், அவற்றில் எவையெல்லாம் ஓடி முடிந்தன என்று குறித்துக்கொள்ள ஓர் அட்டவணை (அதிலுள்ள கடைசி எண்தான் பதிப்பு எண்), ஓடாதவற்றை வரிசையாக, போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அனுப்பும் பிஎஸ்கியூஎல்லிடம் கொடுக்கும் நாற்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட், இவ்வளவுதான். கோப்பு முழுவதும் ஒரே பரிவர்த்தனையாக, அதாவது எல்லாம் நடந்தால்தான் நிலைக்கும்படி, ஓட வேண்டும், பிழை வந்தால் அங்கேயே நிற்க வேண்டும் என்ற இரண்டையும் ஆரம்பத்திலேயே சேர்த்திருந்தேன். இரண்டாவதைச் சேர்க்காவிட்டால் பிஎஸ்கியூஎல் பிழையைத் தாண்டி அடுத்த கட்டளைக்குப் போய்விட்டு, கடைசியில் எல்லாம் நலம் என்று பூஜ்யத்தைத் திருப்பும். அதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில், அட்டவணையை மாற்றும் ஒவ்வொரு ஆல்டர் கட்டளையும் தானாகவே கமிட் ஆகி உறுதியாகிவிடுவதால், நான்கு கட்டளைகளில் மூன்றாவது தவறினாலும் முதல் இரண்டும் அப்படியே நிலைத்துவிடும். போஸ்ட்கிரெஸில் அட்டவணை மாற்றங்களும் பரிவர்த்தனைக்குள் அடங்குவதால் எல்லாம் சுத்தமாகத் திரும்பிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தெடுத்தோம் என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பிழை அதற்கு முந்தைய தை மாதத்தில் தொடங்கியது. பொங்கல் முடிந்த வாரம், சம்பா அறுவடை முழு வேகத்தில் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஆலையின் கணக்குப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார். அறுபதைக் கடந்தவர், நாற்பது ஆண்டுகளாக அதே நாற்காலியில் இருப்பவர். "தம்பி, எடைச் சீட்டுல ஈரம் போட ஒரு கட்டம் வேணும். பதினாறு, பதினேழுன்னு போட்டாப் போதும். காலையில அஞ்சு மணிக்கு லாரி வந்துடும்" என்றார். உதிரிக் கட்டங்களைத் திரையில் சேர்க்க எங்கள் நிரலில் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்தினால் போதும். அட்டவணையில் அந்த நெடுவரிசை மட்டும் இருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் ஆலை சர்வருக்குள் நுழைந்து, நெல் வரவு அட்டவணையில் ஈரப்பதம் என்ற நெடுவரிசையை இன்டிஜர் (முழு எண்) வகையில் சேர்த்தேன். இயல்பு மதிப்பு ஏதும் இல்லாமல் சேர்த்தால் போஸ்ட்கிரெஸ் வரிசைகளைத் தொடுவதே இல்லை, தன் உள்பட்டியலில் ஒரு குறிப்பை மட்டும் எழுதிக்கொள்கிறது. எத்தனை லட்சம் வரிசைகள் இருந்தாலும் கண் இமைக்கும் நேரம்தான். அதற்கான கோப்பை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தை மாதத்தில் ஆலைக் கணக்கு பார்க்கும் எவருக்கும் நாளை என்று ஒன்று கிடையாது.

ஆனி மாதம் மேட்டூர் திறந்த பிறகு, குறுவைக்குத் தயாராகும் வகையில் மூன்று ஆலைகளுக்கும் புதிய பதிப்பு தயாரித்தோம். என்னோடு பணியாற்றும் பெண் எழுதிய 31-ஆம் கோப்பில், ஈரப்பதத்தை ஒரு தசம இடத்தோடு வைக்கும் நியூமெரிக் வகை நெடுவரிசை இருந்தது. ஈரப்பதமானி ஒரு தசமம் காட்டும்போது நாம் ஏன் அதை விட வேண்டும் என்பது அவருடைய நியாயமான கேள்வி. அப்போதுதான் எனக்குத் தை மாத இரவு நினைவுக்கு வந்தது. "அந்த ஆலையில அது ஏற்கெனவே இருக்கும்மா. இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டுடுங்க, எல்லா இடத்துலயும் ஓடிடும்" என்றேன். இல்லாவிட்டால் மட்டும் சேர் என்ற அந்த நிபந்தனையை அவர் போட்டார். எல்லா இடத்திலும் ஓடியது. அந்த ஆலையில் மட்டும் போஸ்ட்கிரெஸ், இந்த நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது, தாண்டிச் செல்கிறேன் என்று ஒரு நோட்டீஸ் வரி எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் குப்பை சேர்கிறது என்று நோட்டீஸ் வரிகளை ஸ்கிரிப்டிலேயே அடக்கிவைத்தவனும் நான்தான்.

புத்தகத்தில் 17.6

குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிற அறுவடை. சாலையில் காயப்போட்ட நெல்லை மழை வருவதற்குள் சாக்கில் அள்ளுகிறவர்களை ஐப்பசி நெருங்கும்போது டெல்டா முழுவதும் பார்க்கலாம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை மிகும் ஆண்டுகளில் தளர்வு கேட்டுக் கடிதம் போவதும், ஒன்றிய அரசின் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதும் நமக்குப் பழகிய காட்சிகள். தனியார் ஆலைகளிலும் அந்த 17 தான் எல்லைக்கல். நான் சொல்லும் ஆலையில் 17-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சதவீதத்துக்கும் 60 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ வீதம் கழிப்பார்கள், பின்னத்துக்கு விகிதப்படி. 80 மூட்டை ஆடுதுறை 37 கொண்டுவந்த ஒருவருக்கு ஈரம் 17.6 என்றால் 48 கிலோ கழியும். அதையே 18 என்று எடுத்துக்கொண்டால் 80 கிலோ. 32 கிலோ நெல் என்பது ஒரு குடும்பத்தின் சில வாரச் சாப்பாடு.

எடைச் சீட்டு, உள்ளிட்ட மதிப்பை நினைவகத்திலிருந்து அப்படியே அச்சிட்டுவிடுவதால் அதில் 17.6 என்றே இருந்தது. பட்டுவாடாப் பட்டியல் மட்டும் அட்டவணையைப் படித்து உருவாகும். கணக்குப்பிள்ளை தம் நாள்வழிப் புத்தகத்தையும் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிடும் பழக்கத்தைக் கணினி வந்த பிறகும் விடவில்லை. அதை நாங்கள் பல முறை கேலி செய்திருக்கிறோம். மூன்று வாரம் கழித்து அவர் அழைத்தார். இந்த முறை அவசரம் ஏதும் குரலில் இல்லை. "தம்பி, உங்க மெசினுக்குப் புள்ளி வைக்கத் தெரியலை. கொஞ்சம் நேர்ல வாங்க" என்றார்.

மற்ற இரண்டு ஆலைகளிலும் எந்தச் சிக்கலும் இல்லாததால் நிரலில் பிழையில்லை என்று உறுதியாக இருந்தேன். உலாவியை மாற்றிப் பார்த்தேன், அச்சுப்பொறி இயக்கியைச் சந்தேகித்தேன், அவருடைய விசைப்பலகையில் புள்ளி விசை தேய்ந்துவிட்டதோ என்று அழுத்திக்கூடப் பார்த்தேன். பதிப்பு எண்ணைக் கேட்டு 31 என்று பதில் வந்ததும், ஸ்கீமாவைப் பற்றிய சந்தேகத்தை மனதிலிருந்து அகற்றிவிட்டேன். அந்த இரண்டு மணி நேரம் வீணானதற்கு அந்த 31 தான் காரணம்.

கடைசியில், வேறு எதுவும் தோன்றாததால், இரண்டு திரைகளிலும் பின்சாய்கோடும் டியும் அட்டவணையின் பெயரும் அடித்தேன். போஸ்ட்கிரெஸோடு பழகும் எவரும் ஒரு நாளைக்கு இருபது முறை அடிக்கும் கட்டளை அது. இடப்பக்கம் நெடுவரிசைகளின் பெயர்கள், அடுத்து அவற்றின் வகைகள். மேலிருந்து விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். சீட்டு எண், தேதி, ரகம், மூட்டை, எடை. கும்பகோணத்துத் திரையில் ஈரப்பதத்துக்கு எதிரே நியூமெரிக், அடைப்புக்குறிக்குள் 4, 1. ஆலைத் திரையில் இன்டிஜர். தசம எண்ணை இன்டிஜர் நெடுவரிசைக்குள் எழுதச் சொன்னால் போஸ்ட்கிரெஸ் சண்டை போடுவதில்லை, அருகிலுள்ள முழு எண்ணுக்கு நகர்த்தி வாங்கிக்கொள்கிறது. 17.4 ஆனால் 17, 17.5 ஆனால் 18. சிலருக்கு நட்டம், சிலருக்கு ஆதாயம், மொத்தத்தில் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆகவே மாத மொத்தத்தைப் பார்த்து எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒவ்வொரு சீட்டாகப் பார்க்கிற ஒருவர் தேவைப்பட்டார்.

அப்போது எனக்குத் தோன்றியது, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கான அடங்கல்தான். அடங்கலில் சம்பா என்று எழுதியிருக்கும், வயலில் போய்ப் பார்த்தால் தரிசாகக் கிடக்கும். அதற்காக அடங்கலைக் கிழித்துப்போட முடியாது, அதை மட்டும் நம்பி நீர் விடவும் முடியாது. எங்கள் பதிப்பு அட்டவணை, எந்தக் கோப்பு எந்த நாளில் ஓடியது என்று நாங்களே எழுதிக்கொண்ட குறிப்பு. அட்டவணை இப்போது எப்படி இருக்கிறது என்பதைப் போஸ்ட்கிரெஸ் தன்னுடைய பிஜி ஆட்ரிபியூட் என்ற உள்பட்டியலில் வைத்திருக்கிறது. முதலாவதை மாற்றாமல் இரண்டாவதை மாற்றுவதற்கு இடது கை போதும் என்பதைத்தான் அந்தத் தை மாத இரவில் நிரூபித்திருந்தேன்.

அடித்து எழுதுவது

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் சகா உடனே, "31-லேயே திருத்திடலாம் அண்ணா. இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸை எடுத்துட்டு, கீழே வகையை மாத்துற வரியைச் சேர்த்துட்டாப் பார்க்கவும் சுத்தமா இருக்கும்" என்றார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அட்டவணை மாற்றங்களை நிர்வகிக்கும் ஃப்ளைவே போன்ற கருவிகள் ஓடி முடிந்த ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் குறித்துவைத்துக்கொள்கின்றன. பின்னால் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அடுத்த ஓட்டத்தில் நின்றுவிடும். ஆலம்பிக்கும் ஜாங்கோவும் அப்படிச் செய்வதில்லை, பெயரை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றன. எங்கள் நாற்பது வரி ஸ்கிரிப்டும் அந்தச் சாதிதான், தடுக்க ஆளில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன்.

கணக்குப்பிள்ளையின் நாள்வழி திறந்தபடி கிடந்தது. ஒரு வரியில் 42 மூட்டை என்று எழுதி, அதன் மேல் ஒற்றைக் கோடிட்டு, பக்கத்தில் 24 என்று எழுதி, சிறியதாகச் சுருக்கொப்பம் போட்டிருந்தார். கோட்டுக்குக் கீழே 42 தெளிவாகத் தெரிந்தது. எங்கள் உரையாடலை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அடிச்சு எழுதலாம் தம்பி, அழிச்சு எழுதக் கூடாது. எங்க முதலாளியோட அப்பா காலத்துல ரப்பரை மேசையிலயே வைக்க விடமாட்டாரு" என்றார். அட்டவணைகளைக் கோப்பு கோப்பாக மாற்றும் மைக்ரேஷன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

31-ஐத் தொடவில்லை. அதிலிருக்கும் தவறான இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கடைசி லாரி போன பிறகு, இரவில், 32-ஆம் கோப்பை ஓட்டினோம். ஈரப்பதத்தின் வகையை மாற்றும் ஒரே கட்டளை. இந்த வகை மாற்றம் அட்டவணை முழுவதையும் திருப்பி எழுதும். அது முடியும்வரை படிக்க வருகிறவர்களையும் சேர்த்து எல்லாரையும் வெளியே நிறுத்திவைக்கும் பூட்டு விழும். அதைவிட மோசம், அந்தப் பூட்டுக்காக நமது கட்டளை காத்திருக்கும்போதே அதன் பின்னால் வருகிறவர்களும் வரிசையில் நின்றுவிடுவார்கள். அதனால் மூன்று வினாடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளும்படி லாக் டைம்அவுட் வைத்தோம். சிறிய அட்டவணை, ஒரு வினாடிகூட ஆகவில்லை. சரியாக ஏற்றப்பட்டிருந்த மற்ற இரண்டு ஆலைகளிலும் அதே கோப்பு ஓடியது. அங்கே ஏற்கெனவே அதே வகை என்பதால் எதுவும் மாறவில்லை, எண் மட்டும் 32 ஆயிற்று.

வகையை மாற்றினால் போன தசமம் திரும்பி வராது. 18 இருந்த இடத்தில் 18.0 வந்தது, அவ்வளவுதான். மூன்று வாரத்து 412 சீட்டுகளையும் நாள்வழிப் புத்தகத்திலிருந்து திரும்ப எடுத்தோம். அவர் படிக்க நான் அடித்தேன். அதுவும் 33-ஆம் கோப்பாயிற்று. ஒவ்வோர் அப்டேட் வரியிலும் சீட்டு எண்ணோடு பழைய மதிப்பையும் நிபந்தனையாகச் சேர்த்தோம். இன்ன சீட்டில் 18 இருந்தால் மட்டும் 17.6 என்று மாற்று. இடையில் எவராவது கையால் திருத்தியிருந்தால் அதன் மேல் நாம் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. அப்படி மூன்று சீட்டுகள் மாறாமல் நின்றன. பட்டியல் அச்சாகும்போது உறுத்தி, காரணம் தெரியாமலேயே கணக்குப்பிள்ளை திரையில் வேறு எண்ணாகத் திருத்திவைத்த சீட்டுகள் அவை. குறைவாகப் பெற்றவர்களுக்கு முதலாளி வித்தியாசத்தைக் கொடுத்தார். கூடுதலாகப் பெற்றவர்களிடம் திரும்பக் கேட்கவில்லை, அதை எங்களிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போம் என்று எழுதுவது எளிது.

பிரிப்பதும் சேர்ப்பதும்

32-க்கு என் சகா ஒரு கீழிறக்கக் கோப்பும் எழுதியிருந்தார், நியூமெரிக்கைத் திரும்ப இன்டிஜராக்கும் கட்டளை. பாடப்புத்தகப்படி அது ஒழுங்கு. ஆனால் அதை ஓட்டினால் எந்தப் பிழையைச் சரிசெய்ய ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தோமோ அதே பிழை, இந்த முறை முறைப்படி, மீண்டும் நடக்கும். ஏற்றத்தைத் திருப்பிப் போட்டால் இறக்கம் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதுமே ஒட்டியதில்லை. நெடுவரிசையை நீக்கும் கோப்புக்கு எதிர்க்கோப்பு அதே பெயரில் வெற்று நெடுவரிசையைத்தான் உருவாக்கும். ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தில் இதற்கென்றே, திரும்ப முடியாத மைக்ரேஷன் என்று ஒரு பிழை வகை இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சோம்பேறிகள் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க மாவட்டக் கணக்கு ஒன்று போதும். 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் உருவாயிற்று, 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகப் பிரிந்தது. அந்த டிசம்பரில் எங்களுக்கும் ஒரு கோப்பு எழுத வேண்டியிருந்தது. மயிலாடுதுறை, குத்தாலம், தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய நான்கு வட்டங்களின் முகவரிகளுக்கும் மாவட்டக் குறியீட்டை மாற்றுவது. முகவரியில் வட்டம் தனியாகப் பதிவாகியிருந்ததால் பிரிப்பது ஒரே கட்டளையில் முடிந்தது. திரும்பச் சேர்ப்பதும் ஒரே கட்டளைதான். ஆனால் வட்டத்தைப் பதிவு செய்யாத இன்னொரு உரக்கடை அட்டவணையில், ஒருமுறை சேர்த்துவிட்டால் மறுபடி பிரிக்க எந்தக் கட்டளையாலும் முடியாது. பழைய ரசீதுகளை மாற்றவில்லை, அவை அன்றைக்கு நாகப்பட்டினம் என்று அச்சானவை. இன்றும் தஞ்சாவூர் ஜில்லா என்றே முகவரி சொல்லும் முதியவர்களுக்கு எந்தப் பதிப்பு எண் பொருந்தும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

கீழிறக்கக் கோப்பை நீக்கச் சொன்னேன். அவர் நீக்காமல், அதற்குள் இது திரும்பாது, 33-ஐப் பார்க்கவும் என்று பிழை எழுப்பும் ஒரே வரியை வைத்தார். அது என் யோசனையைவிட நல்ல யோசனை.

தொடர்ந்து இரண்டு காரியங்கள் செய்தோம். ஆல்டர் கட்டளையைப் போட அட்டவணையின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதால், நாங்கள் அன்றாடம் நுழையும் கணக்குகளிடமிருந்து உரிமையை எடுத்து, ஸ்கிரிப்ட் மட்டும் பயன்படுத்தும் தனிக் கணக்குக்கு மாற்றினோம். அடுத்து, ஒவ்வொரு விடியற்காலையும் மூன்று ஆலைகளின் ஸ்கீமாவைப் பிஜி டம்ப் கொண்டு தரவு இல்லாமல் எடுத்து, கோப்புகளை முதலிலிருந்து ஓட்டிப் புதிதாகக் கட்டிய வெற்றுத் தரவுத்தளத்தின் ஸ்கீமாவோடு டிஃப் போட்டு ஒப்பிடும் வேலையை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் வைத்தோம். பெரிய கருவிகளிலும் இந்த இடத்தில் ஓட்டை இருந்திருக்கிறது. ஆலம்பிக்கின் தானியங்கி ஒப்பீடு நெடுவரிசையின் வகையை இயல்பாகவே ஒப்பிடத் தொடங்கியது 2023-இல் வந்த 1.12 பதிப்பிலிருந்துதான். அதற்கு முன் அந்த அமைப்பை நாமே இயக்காவிட்டால், எங்கள் இன்டிஜர் அதன் கண்ணிலும் பட்டிருக்காது.

ஒப்பீட்டின் விளைவு தினமும் ஐந்தரை மணிக்கு மின்னஞ்சலில் வரும். பல மாதங்களாக வெற்று மின்னஞ்சல். போன தை மாதத்தில் ஒரு நாள் ஒரு வரி இருந்தது. அதே ஆலையில், நெல் வரவு அட்டவணையில், தேதிக்கும் ரகத்துக்கும் சேர்த்து யாரோ தேடலை வேகமாக்கும் ஓர் இன்டெக்ஸ் போட்டிருந்தார்கள். "யாருண்ணா போட்டது?" என்று என் சகா கேட்டார். உரிமையாளர் கணக்கின் கடவுச்சொல் ஸ்கிரிப்டுக்கு வெளியே ஒருவரிடம்தான் இருக்கிறது. பிஎஸ்கியூஎல் தன் வரலாற்றுக் கோப்பில் நாம் அடித்ததையெல்லாம் வரிசையாக வைத்திருக்கும். திறந்து பார்த்தேன். முந்தைய இரவு, அறிக்கை மெதுவாக வருகிறது என்று கணக்குப்பிள்ளை அழைத்தபோது, அதற்கு மறுமொழியாக நான் அடித்த கிரியேட் இன்டெக்ஸ் கட்டளை கோப்பின் அடியில் இருந்தது, என் எழுத்துப்பிழையோடு ஒருமுறையும் திருத்தி இன்னொரு முறையும்.

அன்று காலை 41-ஆம் கோப்பை எழுதினேன். முதல் கட்டளை கையால் போட்ட இன்டெக்ஸை நீக்கும், இரண்டாவது அதையே முறையான பெயரில் போடும். கோப்பின் தலையில், இது எப்போது, யாரால், ஏன் கையால் போடப்பட்டது என்று இரண்டு வரி குறிப்பு எழுதி, அதன் முடிவில் என் சுருக்கொப்பத்தை வைத்தேன்.